முழங்கையைப் பூட்டு

என் மனைவி பிளோறன்ஸ், முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்கிற கைரோபிராக்டர். ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் சொந்தமாகத் தொழில் நடத்துகிறாள். போன சனிக்கிழமை எசன் நகரில் முதன்முதலாகத் தன் துறைக்காரருக்கே வகுப்பெடுத்தாள். பிறக்கும்போது குழந்தையோடு கூட வருகிற சில தெறிவினைகள், அதாவது உடம்பு தானாகச் செய்கிற அசைவுகள், கைக்குழந்தைப் பருவத்தோடு அடங்கிவிட வேண்டுமாம். சில பிள்ளைகளிடம் அவை அடங்காமல் தங்கிவிடுமாம். அதைப் பரிசோதித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் பாடம். செய்துகாட்ட ஒரு பிள்ளை வேண்டும். அவள் தெரிந்தெடுத்தது எங்கள் மகள் ஜெசிகாவை. ஒன்பது வயது.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

“ஊரில வேற பிள்ளையள் இல்லையோ? எங்கட பிள்ளையில குறை இருக்கெண்டு நீரே மேடை போட்டுக் காட்டப்போறீரோ?”

“குறை இல்லையப்பா, வருத்தமோ நோயோ இல்லை. தலையை ஒரு பக்கம் திருப்பினா அவளுக்கு மற்றப் பக்கத்து முழங்கை தானா மடங்குது. படிக்க வாற ஆக்கள் அதைக் கண்ணால பாக்கவேணும். அவளிட்டையும் கேட்டனான். ஓம் எண்டவள்.”

ஓம் என்றாளாம்! ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மானம் மரியாதை என்ன தெரியும்? அந்த வகுப்புக்குப் பீலெஃபெல்டிலிருந்து எங்களுக்குத் தெரிந்த சோதிலிங்கத்தாரின் மகள் மிதுசாவும் படிக்க வருகிறாள். மிதுசா கண்டால் தகப்பன் அறிவார். தகப்பன் அறிந்தால் பிறகு ஒலிபெருக்கி தேவையில்லை. ‘சில்வெஸ்டரின்ர பிள்ளைக்கு ஏதோ நரம்புப் பிரச்சினையாம்’ என்று அடுத்த கலியாண வீட்டில் என் காதுக்கே வந்து சேரும்.

தமிழ்ப் பாடசாலையில் பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறவன் நான். கை எப்போது உயரவேண்டும், குரல் எங்கே தழுதழுக்கவேண்டும் என்பதுவரை பாடமாக்கி அனுப்புவேன். எங்கட ஆக்களுக்குச் சோதனை என்றால் வீட்டில் ஒத்திகை பார்க்காமல் போவதில்லை. இதற்கும் அதையே செய்தேன். பிளோறன்ஸ் வேலைக்குப் போன நேரங்களில் ஜெசிகாவைக் கம்பளத்தில் நாலு காலில் நிற்கவைத்து, தலையைத் திருப்பித் திருப்பிப் பழக்கினேன்.

“மடக்காதை! பூட்டு! முழங்கையைப் பூட்டு!”

“ஏலாதப்பா. அது தானா மடங்குது.”

“தானா மடங்குமோ? எல்லாம் பஞ்சி, சோம்பல். எழுதேக்கையும் உந்தப் பஞ்சிதான். பலகையைப் பாத்தால் எழுத்து கோட்டைவிட்டு ஓடுது. ஒழுங்காப் பூட்டு, ஐஸ்கிறீம் வாங்கித் தாறன். அம்மாட்டைச் சொல்லாதை.”

பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். வெள்ளிக்கிழமை அசையவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை மண்டபத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பின் கதிரையில். பிளோறன்ஸ் நல்ல ஜேர்மனில் விளக்கினாள். இது நோயைக் கண்டுபிடிக்கிற சோதனை அல்ல, கண்டதை வைத்து முடிவு கட்டாமல் குழந்தை வைத்தியரோடு கதைக்க வேண்டும் என்றாள். பிறகு ஜெசிகா பாயில் நாலு காலில் நின்றாள். “இப்போது வலது முழங்கையைப் பாருங்கள்” என்று சொல்லி அவள் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள் பிளோறன்ஸ்.

முழங்கை மடங்கவில்லை. இன்னொரு தரம் திருப்பினாள். அப்போதும் இல்லை. பிள்ளையின் தோள் நடுங்கியதும் கழுத்து சிவந்ததும் எனக்குத் தெரிந்தது.

முன்வரிசையில் இருந்த ஓர் உயரமான ஜேர்மன்காரர் கையை உயர்த்தினார். மரியாதையாகத்தான் கேட்டார்.

“உங்கள் சொந்த மகள் அல்லவா? எதிர்பார்த்ததையே கண்டதாக நினைத்துவிட்டீர்களோ?”

இரண்டொருவர் சிரித்தார்கள். பிளோறன்சின் காது சிவந்தது. முதல் வகுப்பு. இந்த ஆட்கள் அவளை நம்பாமல் எழும்பிப்போனால் இரண்டாவது வகுப்பு என்று ஒன்று இராது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் இருந்தேன்.

அப்போது ஜெசிகா பாயில் நின்றபடியே என்னைத் தேடிப்பிடித்துத் தமிழில் கத்தினாள்.

“அப்பா, பூட்டினனான்! ஐஸ்கிறீம்!”

மண்டபத்தில் அது விளங்கியது மூன்று பேருக்கு. பிளோறன்ஸ் என்னைப் பார்த்தாள். மிதுசா உடனே தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் எனக்காக வெட்கப்பட்டாள். எவளுடைய வாய்க்குப் பயந்தேனோ அவள்! நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

“பிள்ளை என்ன சொல்கிறாள்?” என்றார் அந்த உயரமான மனிதர்.

பிளோறன்ஸ் பாயில் மகளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டாள்.

“செல்லம், பூட்ட வேண்டாம். கை என்ன செய்யுதோ செய்யட்டும்.”

ஜெசிகா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். தாய் அனுமதி கொடுத்தும் என் தலை அசையும்வரை அந்தக் கையைத் தளர்த்தப் பிள்ளைக்குத் துணிவு வரவில்லை. தலையாட்டினேன்.

பிளோறன்ஸ் தலையைத் திருப்பினாள். வலது முழங்கை சட்டென்று மடிந்தது. பிள்ளை தோளடிபட விழப் பார்த்தாள். தாய் பிடித்துக்கொண்டாள். ‘ஆ!’ என்று மண்டபமே முன்னுக்குச் சாய்ந்தது.

ஜெசிகா நிமிர்ந்து அத்தனை பேரையும் சுற்றிப் பார்த்து, “என்ட்ஷுல்டிகுங்” என்றாள். தன் முழங்கைக்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் நிரம்பியிருந்தது.

“அப்பா, பஞ்சி இல்லை. உண்மையா அது தானாத்தான் மடங்கினது.”

எழும்பினேன்.

“ஓமம்மா. தானாத்தான் மடங்கினது” என்று அவளிடம் தமிழில் சொன்னேன். பிறகு அந்த உயரமான மனிதரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஜேர்மனில் சொன்னேன்.

“என் மனைவி கண்டது சரி. மடக்காமல் வைத்திருக்கச் சொல்லி ஒரு கிழமையாகப் பிள்ளையை வெருட்டிப் பழக்கினவன் நான்.”