ஜெனிஃபருக்குக் கொடுத்த லீவு

இந்தக் காலத்தில் எவனும் சோற்றைப் பார்த்துச் சாப்பிடுவதில்லை. ஒரு கை தட்டில், ஒரு கை செல்போனில், நினைப்பு எங்கேயோ. கேட்டால் வேலையாம். ஜெயவேலுவும் வேலை பார்த்தவர்தான். கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் வயசெல்லாம் பாறையைக் குடைந்தவர். மேலே வந்து கைகால் கழுவினால் பாறை பாறையோடு போயிற்று, அவர் வீட்டுக்கு வந்தார். மகள் ஜெனிஃபர் அப்படியில்லை. ஆபீசையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள்.

அமெரிக்காவில் டாக்டர்கள் வாயால் சொல்லி வைத்ததை, பெங்களூர் தோம்லூரில் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிக்கிற வேலை அவளுக்கு. பேச்சை ஓட்டவும் நிறுத்தவும் காலடியில் ஒரு பெடல் இருக்குமாம். காலையில் போனால் ராத்திரிச் சோற்றுக்குத்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் போய்விடும். மர்பி டவுன் வீட்டில் பாயில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் அவளுடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும்.

"காலு இன்னா, தையல் மிஷினா ஓட்டுது?" என்று ஜெயவேலு கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். அம்மா ஜோசபின் கண்ணைக் காட்டி அவரை அடக்குவாள். சுரங்கத்தை மூடிய பிறகு மூன்று பேரும் பெங்களூருக்கு வந்து நிற்கிறார்கள். வீடு ஓடுவது அந்தக் கால் மிதிக்கிற மிதியில்தான்.

மார்கழிக் குளிரில் ஒரு திங்கட்கிழமை, போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். ஒரு வாரம் லீவாம். அவள் கேட்கவில்லை, அவர்களே கொடுத்தார்களாம். சம்பளத்தில் பிடிக்க மாட்டார்களாம். வேலை தெரிந்த பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உடம்பு கெட்டு நின்றுவிட்டதால், இனி எல்லாரும் முறை வைத்து வீட்டில் கிடக்க வேண்டும் என்று புது மேனேஜர் வீணா சட்டம் போட்டிருக்கிறாளாம். படுக்கப் போனவள், கதவு திறக்கிற கார்டைக்கூட கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று கொட்டாவிக்கு நடுவில் சொன்னாள்.

கார்டை வாங்கிக்கொண்டார்கள் என்றதும் ஜெயவேலுவுக்குப் பழைய டோக்கன் ஞாபகம் வந்தது.

சுரங்கத்தில் ஒவ்வொருவனுக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் உண்டு. அதைக் கொடுத்துத்தான் விளக்கை வாங்கிக்கொண்டு கீழே இறங்குவார்கள். மேலே வந்து விளக்கைக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். என்றைக்காவது டோக்கனைத் தராமல், வீட்டுக்குப் போ, கூப்பிட்டு அனுப்புகிறோம் என்று சொன்னால் அதோடு சரி. அவர் இறங்கிய குழியில் அப்படிப் போனவர்களுக்கும் முதல் வாரக் கூலி வந்தது. அதை நம்பிக்கொண்டு பாவிகள் வேறு வேலை தேடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மகளை எழுப்பி இதைச் சொன்னார். "அது டோக்கன் இல்ல நைனா, கார்டு. போய்ப் படு" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் தூங்கினாள். பிறகு எழுந்து தலைக்குக் குளித்து, பக்கத்து வீட்டு டோரதியோடு படியில் உட்கார்ந்து, ஊறப்போட்ட அவரைக்கொட்டையைப் பிதுக்கினாள். ஒரு பருப்பு எகிறி ஜெயவேலுவின் மூக்கில் பட்டது. குறி பார்த்துத்தான் அடித்தேன் என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஜோசபின் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்று சாப்பிடும்போது அந்தக் கால் சும்மா கிடந்தது. ஜெயவேலு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். தின்ற சோறு ருசியாகத்தான் இருந்தது. ஆனால் வேலை போனது தெரியாமல் பெண் சிரிக்கிறாளே என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் அல்சூர் மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டுத் தோம்லூருக்கு நடந்தார்.

கேட்டில் டை கட்டிய ஒரு பையன் காவல்காரர் கிருஷ்ணப்பாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தான்.

"பத்தே நிமிஷம் கிருஷ்ணப்பா. ஒரே ஒரு ஃபைலப் பாத்துட்டு ஓடிடறேன்."

"பேடா, வேணாம் முகேஷ் சார். உங்க கார்டு என் டிராயர்ல இருக்கு. லீவு முடிஞ்சு வாங்க."

அதற்குள் வீணாவே வெளியே வந்துவிட்டாள். பேங்குக்குப் போகிறேன் என்று கிளம்பினவர் அங்கேதான் வந்திருப்பார், திருப்பி அனுப்புங்கள் என்று அவன் பெண்டாட்டி போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். முகேஷ் தலையைச் சொறிந்துகொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போனான்.

ஜெயவேலு முன்னால் போய் நின்றார். "அம்மா, நான் ஜெனிஃபரோட நைனா. பொண்ணு தப்பு இன்னா பண்ணாலும் நேரா சொல்லிடுங்க. டோக்கன வச்சிக்கினு வூட்ல ஒக்கார வெக்காதீங்க."

வீணாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் சுரங்கக் கதையைச் சொன்னதும் விளங்கியது. ஜெனிஃபர் ஒரு தப்பும் பண்ணவில்லை, கார்டு கையில் இருந்தால் என்ன நடக்கும் என்று இப்போது நீங்களே பார்த்தீர்களே என்று முகேஷ் போன திசையைக் காட்டினாள்.

"சும்மா கெடக்கறவளுக்குச் சம்பளம் குடுத்தா உங்களுக்கு இன்னா லாபம்?"

"லாபம்தான் பெரியவரே. தூக்கம் கெட்டு டைப் அடிச்சா முழுக்கத் தப்பு. இன்னொருத்தி உக்காந்து திருத்தணும். வேலைய விட்டுட்டுப் போயிட்டா, புதுசா ஒருத்தியப் பழக்கறதுக்குள்ள எங்க உயிர் போயிடும். தர்மத்துக்கு ஒண்ணும் செய்யல."

தர்மம் என்று சொல்லியிருந்தால் வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டியிருப்பார். லாபம் என்றதும் பாதி மூச்சு வந்தது. மீதிப் பாதி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் மூன்று பேருமாக அல்சூர் ஏரியில் படகு ஏறினார்கள். ஜெயவேலு விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பாதாளத்துக்குப் போய் வந்த மனுஷன் முழங்கால் தண்ணீருக்குப் பயப்படுகிறாரே என்று அம்மாவும் மகளும் கரை வரும்வரை கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது அவருக்கு.

திங்கட்கிழமை மகளுக்குத் தெரியாமல் தூரத்திலேயே பின்னால் போனார். கிருஷ்ணப்பா கார்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு திறந்தது, மூடியது. ஜெயவேலு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவள் திரும்பி வரவில்லை.

கிருஷ்ணப்பா அவரைக் கண்டுகொண்டு கையசைத்துக் கூப்பிட்டார். இனி சாயங்காலம் ஆறு அடித்தால் எல்லாரையும் வீட்டுக்கு விரட்டுவது தன் வேலை, அதுவும் மேடம் ஆர்டர் என்றார். "வாங்க யஜமான்ரே, ஒரு டீ குடிங்க."

"யாரு காசு?"

"கம்பெனிதுதான்."

"வேணாம்பா. இந்த வாட்டி திருப்பிக் குடுத்துட்டாங்க, சரி. இவங்களுக்கு லாபம் வேற பக்கம் திரும்பினா அன்னிக்கு இன்னா செய்வாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

கிருஷ்ணப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதைக் கேட்க நிற்காமல் ஜெயவேலு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வெயில் விழுந்த பக்கமாகப் பார்த்து நிதானமாக நடந்தார்.