ட்செலிசோவின் இருமல்

ஆப்பிரிக்காவின் லெசோத்தோ மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பகலும் பகலாக இருக்காது. அப்படியொரு பிற்பகலில்தான் லினேயோ அந்த இருமலைக் கேட்டாள். இரண்டு இருமல், பிறகு கிழிந்த துருத்திபோல ஒரு மூச்சு. சோளக்களி கிண்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அது அவள் கணவன் ட்செலிசோவின் இருமல். தங்கச் சுரங்கத்திலிருந்து நெஞ்சு நிறையக் காசநோயோடு வந்தவனைப் போன குளிர்காலத்தில்தான் புதைத்திருந்தார்கள்.

வெளியே போய்ப் பார்த்தாள். ஆடுகள்தான் நின்றன. நாய் மட்டும் அவளைப் பார்த்து உறுமியபடி பின்வாங்கியது.

"மமெல்லோ, உங்க அண்ணன் இருமுறது கேட்டுச்சாடி?"

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. "கேட்டுச்சு அண்ணி. உங்க வாயிலேருந்துதான் வந்துச்சு."

லினேயோ நம்பவில்லை. அவள் தேறி வருகிறவள். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து மாத்திரை தொடங்கிய பிறகு பசி வந்தது, கன்னம் நிறைந்தது. தொடங்குமுன் சளியைச் சோதித்து, காசநோய் தென்படவில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் இருமல் கேட்ட அந்த வாரமே காய்ச்சல் அடித்தது. கழுத்தோரம் ஒரு கட்டி எழும்பியது. இருமும்போதெல்லாம் தொண்டைக்குள் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"அந்த மாத்திரைதான் அண்ணனை எழுப்பி விட்டிருக்கு. தூக்கி ஆத்துல போடுங்க" என்றாள் மமெல்லோ.

"போட்டா அவரு திரும்பிப் படுத்துக்குவாரா?"

போர்வையைச் சுற்றிக்கொண்டு, குதிரையேறி மருத்துவமனைக்குப் போனாள். செவிலியர் மொலாபோ கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். காசநோய்தான்.

"அன்னைக்கு சளியில இல்லேன்னீங்களே ஐயா?"

"எச்.ஐ.வி. முத்தின உடம்புல அது சளியில சிக்காமலே ஒளிஞ்சு கிடக்கும்மா. எதுத்து நிக்க உடம்புக்குத் தெம்பில்ல, அதான் சத்தமே இல்ல. இப்ப மாத்திரையால உடம்பு முழிச்சுக்கிட்டு அது மேல பாயுது. காய்ச்சல், கட்டி எல்லாம் அந்தச் சண்டைதான்."

"அப்ப இத்தனை நாளும் எனக்குள்ளயே இருந்துச்சா?"

"உங்க வீட்டுக்காரர் இருந்தப்பவே வந்திருக்கும்."

வயிறாரச் சாப்பிட்டு, கண்ணாடியில் கன்னம் பார்த்துச் சிரித்த நாளெல்லாம் அது உள்ளே மூச்சுக் காட்டாமல் கிடந்திருக்கிறது.

"எதையும் நிறுத்தாதீங்கம்மா. ரெண்டு மருந்தையும் சேர்த்துப் போடுங்க."

போட்டாள். கட்டி உடைந்து வழிந்து, மெல்ல வற்றியது. இருமல் தேய்ந்து தேய்ந்து நின்றது. நின்ற அன்றுதான் புருஷன் இல்லாத வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. புதைத்தபோது வராத அழுகை அன்று வந்தது.

மறுநாள் காலை, சோதனைக்குப் போக மமெல்லோவைக் குதிரையில் ஏறச் சொன்னாள்.

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

"நானும் அப்படித்தாண்டி இருந்தேன்" என்று கடிவாளத்தைப் பிடித்தாள் லினேயோ.