மஞ்சளில் வெந்த கிளிப்

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை செங்கமலம் வீட்டைத் தலைகீழாகக் கழுவினாள். பாய், பாத்திரம், ஜன்னல் கம்பி, சுவிட்சுப் பலகை, சாமி படங்களின் கண்ணாடி என்று ஒன்றையும் விடவில்லை. புருஷன் தணிகாசலம் திருத்தணிக்குக் காவடி எடுக்க விரதம் இருந்தான். விரதக்காரன் இருக்கிற வீட்டில் எச்சில் பட்ட பொருள் எதுவும் அப்படியே கிடக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

அலமாரியில் ஒரு நீல டப்பா இருந்தது. அதற்குள் அவன் ராத்திரியில் வாயில் மாட்டிக்கொண்டு தூங்குகிற கிளிப். எச்சில் என்றால் அதைவிட எச்சில் எது? குழந்தையின் பால் பாட்டிலைக் கொதிக்க வைத்துப் பழகிய கை அவளுடையது. ஒரு சட்டியில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இரண்டு சிட்டிகை மஞ்சளும் போட்டு, கிளிப்பை அதில் இறக்கினாள்.

காலை டிரிப்பு முடிந்து தணிகாசலம் வந்தபோது அது வெள்ளைத் துணிமேல் பிரசாதம் மாதிரி இருந்தது. நல்ல மஞ்சள் நிறம்.

"பாருங்க, மஞ்ச போட்டு கொதிக்க வச்சி எடுத்துகீறேன். இனிமே ஒரு கிருமி அண்டாது" என்றாள். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

அவன் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டிப் பார்த்தான். மேல் பல்லுக்கானது எப்படியோ உட்கார்ந்தது. கீழ்ப் பல்லுக்கானது உட்காரவில்லை. வெயிலில் காய்ந்த அப்பளம்போல ஓரம் வளைந்திருந்தது. அழுத்தினான். ஈறில் குத்தியது. விட்டான். கழன்று நாக்கின்மேல் விழுந்தது.

அந்தக் கிளிப் என்ன செய்தது என்று சொன்னால்தான் அவன் முகம் ஏன் வெளுத்தது என்பது புரியும்.

தணிகாசலம் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு ஷிப்டுக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதும், ஷிப்டு முடிந்தவர்களைத் திரும்பக் கொண்டுவருவதும் வேலை. கழுத்து தடித்த ஆள். தூங்கினால் குறட்டை தெருவுக்குக் கேட்கும். குறட்டை கேட்கும்வரை செங்கமலத்துக்குப் பயமில்லை. அது நின்றுவிடும் பாருங்கள், அதுதான் பயம். மார்பு ஏறி இறங்கும், மூச்சு மட்டும் வராது. அவள் எழுந்து உட்கார்ந்து தோளைப் பிடித்து உலுக்குவாள். கிணற்றுக்குள்ளிருந்து ஆளைத் தூக்கியதுபோல ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்பி வரும். வருஷக்கணக்காக அவள் இப்படிக் காவல் இருந்தாள். பகலில் அவன் ஸ்டியரிங்கில் கொட்டாவி விட்டான். இவள் அடுப்படியில் நின்றபடியே தூங்கினாள்.

உடம்பில் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி சோதனை பார்த்த டாக்டர், தூக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது, அதனால்தான் மூச்சு நிற்கிறது என்றார். முதலில் காற்று ஊதுகிற முகமூடி மிஷின் கொடுத்தார்கள். அதை மாட்டினால் யாரோ முகத்தைத் தலையணையால் அமுக்குவதுபோல இருக்கிறது என்று பிடுங்கிப் போட்டுவிடுவான். அப்புறம்தான் படப்பையில் இருக்கிற பல் டாக்டர் பிரவீனாவிடம் அனுப்பினார். அந்தம்மா அவன் பல்லுக்கு அச்செடுத்து மேலும் கீழுமாக இரண்டு தட்டு செய்துகொடுத்தாள். மாட்டினால் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். நாக்கும் கூடவே முன்னால் வரும். தொண்டையில் வழி கிடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி முன்னால் கொண்டுவந்து, மறுபடி சோதனை செய்து பார்த்து, "இப்ப நல்லா இருக்கு" என்றார்கள்.

காலையில் தாடை கடுக்கும். தேய்த்துக்கொண்டே பஸ்ஸை எடுப்பான். ஆனால் கண் தெளிந்திருக்கும். செங்கமலமும் தூங்க ஆரம்பித்தாள். அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினாள், பாவம்.

கொடுக்கும்போது பிரவீனா சொன்னாள்: "பச்சைத் தண்ணியில பிரஷ் போட்டுக் கழுவுங்க. வெந்நீர் படவே கூடாது, வளைஞ்சிடும். லூஸ் ஆனாலோ உடைஞ்சாலோ அன்னிக்கே வாங்க. இது இல்லாம தூங்கிட்டு பஸ்ஸை எடுக்காதீங்க, கேட்டுதா?"

எல்லாம் கேட்டது. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "டாக்டரம்மா சுத்தமா வச்சிக்கச் சொன்னாங்க."

குளியலறைக் கதவுக்கு வெளியே செங்கமலம் கேட்டாள்: "சரியா ஒக்காருதா?"

அவன் கண்ணாடியைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் அவள் தலையில் அடித்துக்கொள்வாள். மறுபடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாள். இத்தனை ஆசையாகச் செய்தவளிடம் எப்படிச் சொல்வது? கிருத்திகை போகட்டும், அப்புறம் படப்பைக்குப் போய்க்கொள்ளலாம்.

"சூப்பரா கீது" என்றான்.

அன்பினால்தான் சொன்னான். கெட்டது நம் வீட்டுக்குள் வரும்போது பல சமயம் அன்பின் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வருகிறது.

அதற்குப் பிறகு தினமும் அவள் பார்க்கும்படி கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு படுப்பான். அவள் கண் அயர்ந்ததும் எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகுவான். மூச்சு நின்றது, வந்தது, நின்றது. எழுப்ப ஆளில்லை. காவல் இருந்த ஒரே ஜீவனும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவருக்கு இடப்பக்கத்து முதல் சீட்டுக்குப் பேச்சு சீட்டு என்று பெயர். மற்றவர்கள் தூங்கலாம், அதில் உட்காருகிறவள் தூங்கக் கூடாது. இறங்கும்வரை டிரைவருக்குப் பேச்சுக் கொடுக்க வேண்டும். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, ஆனால் யாரும் மீறியதில்லை. அந்த வாரம் அது மெர்சியின் முறை. ஒயர் கட்டுகிற லைனில் வேலை செய்கிறவள், வாயாடி.

"இன்னாண்ணா, கிளிப்பு மாட்டுனதுலேர்ந்து தெனம் தாடையத் தேய்ச்சிக்கினே வருவீங்க. ரெண்டு மூணு நாளா தேய்க்கவே இல்ல. வலி பூடுச்சா?"

தணிகாசலம் கியரை மாற்றினான். "பூடுச்சும்மா."

"அவருக்குத் தாட வலி பூடுச்சு. உனக்குத்தான் வாய் வலிக்க மாட்டேங்குது" என்று பின் சீட்டிலிருந்து ஞானம்மா சொன்னாள். பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்து முடிக்கும்போது ஒரு நிறுத்தத்தைத் தாண்டி வந்துவிட்டிருந்தான். அங்கே நின்றிருந்த பெண் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடிவருவது கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தது.

மெர்சி சிரிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். மறுநாள் தண்ணீர் பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

கிருத்திகைக்கு முந்தின நாள், மதிய ஷிப்டு. ஆடிக் காற்று புழுதியை வாரி ரோட்டின் குறுக்கே போட்டது. சாலையோரம் நெடுக டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. வண்டி நிறையப் பெண்கள். பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்திருந்தார்கள். மெர்சி தன் தம்பிக்குப் பெண் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பொண்ணு வீட்டுக்காரர்கள் போட்ட வடை எப்படி இருந்தது என்கிற இடம்வரை தணிகாசலத்துக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு படிகள். திருத்தணிப் படிகள். தோளில் காவடி, காலில் வெயில் சுடவில்லை, சுற்றிலும் மயிலிறகு அசைகிறது. எவ்வளவு சுகம்! யாரோ பின்னாலிருந்து அண்ணா, அண்ணா என்கிறார்கள். திரும்ப வேண்டாம், ஏறு என்று சொல்கிறது உடம்பு.

தோளை ஒரு கை பிடித்து உலுக்கியது. "அண்ணா!"

கண்ணைத் திறந்தான். எதிரே ரோடு இல்லை. டிரெய்லரின் பின்பக்கம், துருப்பிடித்த இரும்பு, முன் கண்ணாடியை அடைத்துக்கொண்டு நின்றது. வலப்பக்கம் முழுசாக ஒடித்தான். டமார் என்று ஒரு சத்தம். இடப்பக்கத்துச் சைடு கண்ணாடி சிதறி மெர்சியின் ஜன்னலில் மழைபோல விழுந்தது. பஸ் குலுங்கி, இழுத்துக்கொண்டு போய், நின்றது.

தூங்கினவர்கள் முன் சீட்டில் மோதி விழித்தார்கள். பிறகு எல்லாரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். ஞானம்மா எழுந்து வந்தாள்.

"யோவ், குடிச்சிகீறியா? காவடி எடுக்கற மூஞ்சியாய்யா இது? நாப்பது பொம்பளைங்கய்யா வண்டில!"

"குடிக்கலக்கா. கத்தாத." மெர்சி குறுக்கே கையை நீட்டி அவளை நிறுத்தினாள். பாட்டிலைத் திறந்து அவன் கையில் வைத்தாள். குனிந்து, மெதுவாகக் கேட்டாள்: "கிளிப்பு போடலயாண்ணா?"

அதட்டியிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பான். அவள் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"வெந்து போச்சும்மா" என்றான். "வெந்நியில வெந்து போச்சு. வெள்ளிக்கெழமையிலேர்ந்து போடல. யாருக்கும் சொல்லல."

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: "இன்னும் கொஞ்ச தூரந்தானே? மெதுவா ஓட்டிக்கினு போயிடுங்கண்ணா. லைன்ல ஆப்சென்ட் போட்டுடுவாங்க."

தணிகாசலம் சாவியைப் பார்த்தான். கொஞ்ச தூரந்தான். ஓட்டிவிடலாம். கண்ணாடியில் மரக்கிளை பட்டது என்று சொன்னால் முடிந்தது. நாளைக்குத் திருத்தணி, மறுநாள் பழையபடி டூட்டி. யாருக்கும் எதுவும் தெரியாது. மெர்சியின் சீட்டில் கண்ணாடிச் சில்லுகள் மினுங்கின. அவன் சாவியை உருவி அவள் கையில் கொடுத்தான்.

"இல்லம்மா. வேற டிரைவர் வரட்டும். நான் இனிமே தொட மாட்டேன்."

போனில் பஸ் கான்டிராக்டர் கத்தியது வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்றார். அது நியாயம்தான் என்று தணிகாசலத்துக்கே தோன்றியது. அவன் ரோட்டோரம் புழுதியில் உட்கார்ந்திருந்தான். ஞானம்மா வந்து பக்கத்தில் நின்றாள். சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள்.

"வெரதம்னா பழம் துன்னலாம் இல்ல? துன்னு. எங்க சர்ச்சுல உனக்காகவும் சேத்து முட்டி போட்டுக்கறேன். இன்னாப் பாக்கற, கர்த்தரு காவடிக்காரன்னு பாத்து ஒதுக்கிட மாட்டாரு."

ஷேர் ஆட்டோ பிடித்து அவன் வீட்டுக்கு வந்தபோது செங்கமலம் காவடிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாள். அவன் தலையணைக்கு அடியிலிருந்து கிளிப்பை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"இது வாய்ல ஒக்காரல செங்கமலம். அன்னிக்கே ஒக்காரல."

எல்லாவற்றையும் சொன்னான். டிரெய்லரையும் சொன்னான். அவள் அந்த மஞ்சள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நானா கெடுத்தேன்?"

"நீ இல்ல. வெந்நி ஆவாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான்தான் உனக்குச் சொல்லல."

"எனக்கு மனசு நோவும்னு மறைச்சீங்க." அவள் குரல் உயரவில்லை. "என் மனசு நோவாம என்னைத் தாலியறுக்கப் பாத்தீங்களா? அந்தப் பஸ்ஸுல கீற பொண்ணுங்களுக்கு வூட்ல அம்மா இல்லியா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துப் படப்பைக்குப் பேசினாள். பிரவீனா திட்டவில்லை. நாளைக்கே வந்து மறுபடி அச்செடுக்கலாம், புதுசு வரச் சில வாரம் ஆகும், அதுவரை முதலில் சோதனை பார்த்த பெரிய டாக்டரைப் பார்த்து அந்த முகமூடி மிஷினைப் பழகிக்கொள்ளட்டும், மல்லாந்து படுக்க வேண்டாம், வண்டியைத் தொடவே வேண்டாம் என்றாள்.

"நாளைக்குக் கிருத்திகை" என்றான் தணிகாசலம்.

"முருகன் மலைய வுட்டு எங்கயும் ஓடிட மாட்டாரு. படப்பைக்குப் போறோம்." அவள் கட்டி முடித்த மாலையைச் சாமி படத்துக்கே போட்டாள். "போய்ப் படுங்க. ஒருக்களிச்சுப் படுங்க. நான் இங்கதான் ஒக்காந்துகீறேன்."

விளக்கு வைக்கிற நேரம். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். முதுகுக்குப் பின்னால் அவள் உட்காரும் சத்தம், வளையல் தரையில் படும் சத்தம். தூக்கம் அவனைக் காலைப் பிடித்து இழுத்தது. கீழே கீழே போனான். எங்கேயோ ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. காற்று வரவில்லை. இருட்டு மார்பின்மேல் ஏறி உட்கார்ந்தது. படிகள் மறுபடி தெரிந்தன, மயிலிறகு, அந்தச் சுகம்.

தோளில் ஒரு கை விழுந்தது.

அவன் மூச்சை இழுத்துக்கொண்டு மேலே வந்தான். அந்தக் கை விலகவில்லை. அடுத்த முறைக்காக அங்கேயே காத்திருந்தது.