சுவருக்கு அந்தப் பக்கம் ஹலோ

புது டிவி வந்த மூன்றாம் நாளே கோவிந்தன் அதன் மேல் கோபமாகிவிட்டான். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. சத்தம்தான் இல்லை. ரிமோட்டில் நூறு வரைக்கும் ஏற்றிப் பார்த்தும், உள்ளே யாரோ வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவது போலத்தான் கேட்டது. பழைய டிவி பின்னால் பெரிய கூடை மாதிரி இருந்தாலும் தெருமுனை வரைக்கும் பேசும். அதைக் கொடுத்துவிட்டு, சுவரில் காலண்டர் மாதிரி ஒட்டிக்கொள்ளும் இதை வாங்கினால் இப்படி. இரண்டாம் சனிக்கிழமை என்பதால் அவனுக்கும் காவேரிக்கும் கம்பெனி லீவு. பதினோரு மணிப் படத்துக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. கோவிந்தன் காலையிலேயே ஸ்டூல் போட்டு ஏறி, பரண் மேலிருந்து பழைய ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தேடி எடுத்திருந்தான். தூசு தட்டி, ஒரு மணி நேரமாகச் சார்ஜ் போட்டு வைத்திருந்தான்.

"ஏ காவேரி, இத வந்து பாரு. டிவில பேரு வருது, அமுக்கினா போயிருது."

காவேரி குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்த்தாள். டிவித் திரையில் ஸ்பீக்கரின் பெயர் தெரிந்தது. கோவிந்தன் ரிமோட்டை அமுக்கினான். ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஓர் இங்கிலீஷ்காரப் பெண், "கனெக்டட்" என்றாள். டிவியோ, இணைக்க முடியவில்லை என்றது.

"அவ கனெக்ட் ஆயிட்டன்னு சொல்றா, இவன் ஆகலன்றான். அப்ப யாரோட கனெக்ட் ஆனா?"

"எனக்கென்னங்க தெரியும்? அணைச்சுட்டுப் போடுங்க."

அணைத்துப் போட்டான். மறுபடியும் அதே "கனெக்டட்." மறுபடியும் டிவிக்கு ஒன்றும் போகவில்லை. பவுண்டரியில் எட்டு மணி நேரம் நெருப்பு முன்னால் நின்றுவிட்டு வந்தும் ஒருநாள் முகம் சுளிக்காத ஆள், உள்ளங்கை அகல டப்பாவிடம் தோற்றுப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் காவேரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் கோபப்படுவான் என்று சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.

மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் இருந்தது மாடி வீடு. ஒரே நடையில் நான்கு வீடுகள், இடையில் ஒற்றைச் செங்கல் சுவர். காவேரி வீட்டுச் சமையலறைக்கும் தில்ஷாத் வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் இருப்பதும் அதே சுவர்தான். பதினோரு வருஷமாக அந்தச் சுவர் வழியாகத் தில்ஷாத்தின் பேச்சு வந்துகொண்டே இருந்தது. காலையில் புருஷன் தஸ்தகீரை எழுப்புவதிலிருந்து, அவர் பாத்திரக் கடைக்குக் கிளம்பும்வரை, அப்புறம் காய்கறிக்காரரிடம், பால் பாக்கெட்டிடம், பூனையிடம்கூட. காவேரி மணி பார்த்ததே இல்லை. தில்ஷாத் யாரிடம் என்ன பேசுகிறாள் என்பதை வைத்தே முதல் ஷிப்டுக்கு எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வாள்.

எட்டு மாதமாக அது இல்லை. காரணம் காவேரிதான். நாகரசம்பட்டியில் இருக்கும் தங்கைக்கு ஒருநாள் வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "இந்தத் தில்ஷாத் அக்கா வாயத் தொறந்தா மூட மாட்டாங்கடி. காது ரெண்டும் ஓட்டையாயிரும் போல. ஒரு பூட்டு வாங்கிப் போடணும்." சிரித்துக்கொண்டே சொன்னதுதான். ஆனால் அது தங்கைக்குப் போகவில்லை. தண்ணீர் மோட்டார் போடும் முறைக்காக மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குரூப்புக்குப் போய்விட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அழித்தாள். அதற்குள் எல்லோரும் கேட்டாயிற்று. தில்ஷாத்தும்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. தில்ஷாத் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் ஒருநாள் காவேரி, "அக்கா, நான் வேணும்னு சொல்லல" என்று ஆரம்பித்தபோது, "சரிம்மா" என்றாள். காவேரி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாயில் அந்த 'ம்மா', தெரியாத ஆளுக்குக் கதவு சாத்துவது போல இருந்தது. அதன்பின் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும்தான். அந்த அமைதியில் காவேரி இரண்டு முறை கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டாள்.

குக்கர் முதல் விசில் அடித்தது. அதே நேரம் வரவேற்பறையில் ஏதோ மணி அடித்தது. போன் மணி மாதிரி. கோவிந்தன் தன் போனை எடுத்துப் பார்த்தான். அது சும்மா கிடந்தது. மணி ஸ்பீக்கருக்குள் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு தானாக நின்றது.

"அம்மா? அம்மா, கேக்குதா?"

ஸ்பீக்கர் பேசியது. பெண் குரல். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தில்ஷாத், "ஹலோ... ஹலோ?" என்று கத்துவது கேட்டது.

"இந்தச் சனியன் பேச வேற செய்யுதா!" என்றான் கோவிந்தன்.

"அம்மா, யாரு அது? கோவிந்தன் அங்கிள் குரலு மாதிரி இருக்குது?"

காவேரிக்கு அப்போதுதான் புரிந்தது. போன வருஷம் ரம்ஜானுக்கு இந்த ஸ்பீக்கரைத் தில்ஷாத் வீட்டுக்கு இரவல் கொடுத்திருந்தாள். தில்ஷாத்தின் மகள் நபீலாதான் தன் அம்மாவின் போனை இதோடு சேர்த்துவிட்டாள். போன் அதை மறக்கவில்லை. ஸ்பீக்கர் பரணிலிருந்து இறங்கிய உடனே சுவரைத் தாண்டி வந்து அதைப் பிடித்துக்கொண்டது. டிவி எத்தனை முறை கூப்பிட்டாலும் ஸ்பீக்கர் எப்படி வரும்?

"நபீலா, நான் காவேரி பேசறன்டா" என்றாள் ஸ்பீக்கருக்குக் குனிந்து.

 அந்தப் பக்கம் ஒரு கூச்சல். "ஆன்ட்டி! எங்கம்மா உங்க வீட்லயா இருக்காங்க? ரெண்டு பேரும் பேசிட்டீங்களா? அல்லாவே, ஒரே நாள்ல ரெண்டு நல்ல சேதியா! ஆன்ட்டி, லிஸ்ட் வந்துருச்சு. என் பேரு இருக்குது. ரயில் ஓட்டப் போறன் ஆன்ட்டி, ரயிலு!"

காவேரி சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டாள். நபீலா படித்தது பாதி இந்த வீட்டில்தான். அவள் வீட்டில் அம்மாவின் பேச்சில் ஓர் எழுத்து ஏறாது என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். காவேரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே பின்பக்க விடைகளைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். ரயில்வே பரீட்சையில் இரண்டாவது முறையும் தோற்றுப்போனபோது அவள் அழுதது இந்தச் சமையலறைத் தரையில். பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கிருந்தே மறுபடியும் எழுதியிருக்கிறாள். லீவுக்கு வந்தால் மாடிப்படியில் பார்த்துக் கை மட்டும் ஆட்டுவாள். அம்மாவுக்குப் பயந்து.

சுவருக்கு அந்தப் பக்கம், "ஒண்ணுமே கேக்கலயே, இந்தப் போனுக்கு என்ன கேடு" என்று தில்ஷாத் சொல்வது கேட்டது. இணைப்பைத் துண்டித்துவிட்டாள் போலிருக்கிறது. ஸ்பீக்கர் அடங்கியது.

"பட்டன அமுக்கி அணைச்சுரு" என்றான் கோவிந்தன். "அந்தப் பொண்ணு மறுபடி அடிக்கும். அவங்கம்மா போன்லயே கேட்டுக்கட்டும். நமக்கெதுக்கு?"

சொன்னது நியாயம்தான். சேதி தில்ஷாத்தினுடையது. இத்தனை நாள் காத்திருந்து கேட்க வேண்டிய காது அவளுடையது. அதைத் தான் முந்திக் கேட்டுவிட்டோம் என்பதே காவேரிக்குத் திருடினது போல இருந்தது. அணைத்துவிட்டால் முடிந்தது. நாளைக்கு யாராவது சொல்லி, படியில் பார்க்கும்போது, "சந்தோஷம்க்கா" என்று சொல்லலாம். தில்ஷாத், "சரிம்மா" என்பாள்.

ஸ்பீக்கர் மறுபடியும் மணி அடித்தது. காவேரி அதை இரண்டு கையாலும் தூக்கினாள். செருப்பு போடவில்லை. அடித்துக்கொண்டிருக்கும் டப்பாவோடு நடைக்கு ஓடி, பக்கத்து வீட்டுக் கதவை முழங்கையால் இடித்தாள்.

கதவு திறந்தது. தில்ஷாத்தின் ஒரு கையில் போன், மறுகை முழுக்கப் பிசைந்த மாவு. காவேரியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"அக்கா, போன எடுங்க. உங்க பொண்ணு இதுக்குள்ள இருக்கா."

"என்ன சொல்ற? நபீலாவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்ல சேதிதான். ஆனா நான் சொல்ல மாட்டன். அவளே சொல்லட்டும்."

தில்ஷாத் மாவு விரலாலேயே போன் திரையைத் தேய்த்து எடுத்தாள். காவேரியின் கையிலிருந்த டப்பா, "அம்மா!" என்றது. தில்ஷாத் போனைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், பிறகு குனிந்து அதனிடம், "நபீலா?" என்றாள், ரகசியம் கேட்பது போல.

"அம்மா, செலக்ட் ஆயிட்டன்மா. ரயில் ஓட்டற வேலை. ஆர்டர் அடுத்த மாசம் வரும்."

தில்ஷாத்தின் வாய் திறந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. "அம்மா? கேக்குதா?" என்று டப்பா கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கி முகவாயில் நின்றது. பதினோரு வருஷத்தில் தில்ஷாத்துக்குச் சொல் கிடைக்காமல் போய்க் காவேரி பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

"பேசுங்கக்கா" என்றாள். "ஏதாச்சும் பேசுங்க."

"நான் பேசினா உனக்குக் காது வலிக்குமே."

"வலிக்கட்டும். இந்த எட்டு மாசம் எங்க வீட்ல எனக்கு மூச்சு முட்டுது. நான் சொன்னது தப்புக்கா. பஸ்ல உக்காந்து அன்னைக்கே அழுதன்."

தில்ஷாத் அவளையே பார்த்தாள். "என் பொண்ணுகூடப் போன்ல பேசும்போதுகூட மெதுவாப் பேசினன் தெரியுமா காவேரி? சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்ருமோன்னு. பூனைகிட்டகூட மெதுவா." சொல்லிவிட்டு மாவுக் கையால் காவேரியின் தோளை இழுத்துப் பிடித்தாள். ஸ்பீக்கர் இரண்டு பேர் வயிற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "ஹலோ, ஹலோ, யாராச்சும் இருக்கீங்களா?" என்றது.

அதற்குப் பிறகு தில்ஷாத் நிறுத்தவில்லை. முதலில் மகளிடம்: எந்த ஊரில் ட்ரெயினிங், சாப்பாடு எப்படி, ரயில் இன்ஜினில் மின்விசிறி இருக்குமா, ராத்திரியில் யானை குறுக்கே வந்தால் என்ன செய்வாய், சானமாவுக் காட்டுப் பக்கம் வராத ரயிலாகப் பார்த்துக் கேள். பிறகு தஸ்தகீருக்குப் போன் போட்டாள். பாத்திரக் கடையில் அவர், "என்னது? யாரு ஓட்டறது?" என்று கேட்டதும் காவேரியின் கையிலிருந்த டப்பா வழியாகத்தான் நடை முழுக்க ஒலித்தது. கோவிந்தன் குக்கர் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றான். படம் ஆரம்பித்திருக்கும். அவன் திரும்பிப் போகவில்லை.

சத்தம் கேட்டுக் கோடி வீட்டு வெங்கடம்மாள், "ஏமாயிந்தி?" என்று வந்தாள். தில்ஷாத் அவளுக்குத் தெலுங்கில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். முடிவதற்குள் கீழ்வீட்டு நஞ்சம்மா பாதிப் படியில் நின்று, "ஏனாயித்து?" என்று கேட்க, கன்னடத்தில் மறுபடியும் முதலிலிருந்து. தமிழில் சொன்னபோது அது வெறும் ரயிலாக இருந்தது. தெலுங்கில் எக்ஸ்பிரஸ் ஆனது. கன்னடத்துக்கு வந்தபோது அதற்கு இருபத்து நான்கு பெட்டியாகியிருந்தது. காவேரி ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அவள் தோளில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

அந்த ரயில் எவ்வளவு நீளம் இருக்கும் என்று நஞ்சம்மா கேட்டாள். தில்ஷாத் கைகள் இரண்டையும் அகல விரித்தாள். போதவில்லை. நடையின் அந்தக் கோடிச் சுவர்வரை பின்னாலேயே நடந்துபோய், அங்கே நின்று, இங்கிருந்து அங்கே என்று காட்டினாள். அப்படியும் போதாமல் படியில் இறங்கத் தொடங்கினாள்.