பதினோரு சினை ஆடுகள்

சேர்க்கைக்கு என்னென்ன வேண்டும் என்று கல்லூரிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பெர்மெத் விரல் வைத்து மறுபடியும் படித்தாள். பள்ளிச் சான்றிதழ், ஆறு புகைப்படம், உயிரியல் மதிப்பெண் எல்லாம் பையில் இருந்தன. கால்நடைப் பிரிவுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: ரத்தப் பரிசோதனை. போன வாரமே ரத்தம் கொடுத்தாயிற்று. முடிவை வாங்கத்தான் அப்பாவும் மகளும் மலையிலிருந்து நரின் நகரத்துக்கு நான்கு மணி நேரம் குலுங்கி வந்திருந்தார்கள்.

மருத்துவ அறையில் நர்ஸ் ரகீமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“ரத்தத்துல கிருமி இருக்கும்மா. ஆட்டுல இருந்து தொத்துற காய்ச்சல். மூட்டு வலிக்குதா?”

“கொஞ்சம். புல்லுக்கட்டு தூக்கினதுலன்னு நெனச்சேன்.”

“ஆறு வாரம் மாத்திரை சாப்பிடணும். அதுக்குள்ள சேர்க்கை முடிஞ்சிரும். அடுத்த வருஷம் வா. ஆமா, ஒங்க ஆட்டுக்கெல்லாம் இது வராம இருக்கக் கண்ணுல தடுப்புச் சொட்டு மருந்து விடலயா?”

பெர்மெத்தின் முகம் சிவந்துவிட்டது. “என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! டிசம்பர்ல மாட்டு டாக்டர் வந்தப்ப எங்கப்பா ஒண்ணு விடாம பிடிச்சுக் குடுத்தாரு. ஊர்ல பாதிப் பேருதான் ஒளிச்சு வெச்சாங்க.”

அப்பா ஜுமாதில் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பதினோரு சினை ஆடுகள். சொட்டு விட்டால் சினை கலைந்துவிடும் என்று சந்தையில் எவனோ சொன்னதை நம்பி, டாக்டர் வந்த அன்று விடிவதற்கு முன்பே அவற்றைப் பின்பக்கப் பள்ளத்துக்கு ஓட்டிவிட்டார். மகள் அன்று பள்ளி விடுதியில் இருந்தாள். பிப்ரவரியில் அந்தப் பதினொன்றில் நான்கு ஆடுகள் நோயால் குறைமாதத்திலேயே குட்டி வீசின. ஐந்தாவது ஆட்டுக்கு வெறுங்கையை முழங்கை வரை விட்டுக் குட்டியை உயிரோடு இழுத்தெடுத்தவள் பெர்மெத். கை கழுவ வெந்நீர் ஊற்றியது அவர்தான். ‘நீ மாட்டு டாக்டருக்குப் படி புள்ள’ என்று அன்றைக்குப் பெருமையடித்த வாய் இப்போது திறக்க மறுத்தது. சொல்லித் தொலை, சொல்லித் தொலை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பாவி, பெற்ற பிள்ளையின் ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டேனே என்று இருந்தது அவருக்கு.

ரகீமா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு படிவத்தில் ஏதோ எழுதினாள்.

“வீட்ல எல்லாருமே சோதிச்சுக்கணும்.”

பெர்மெத் அழவில்லை. அப்பாவின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். “எனக்காவது வயசு இருக்கு. உனக்கு வந்தா தாங்குவியா? அக்கா, மொதல்ல அப்பாவுக்கு எடுங்க.”

“பெர்மெத், நான் வந்து…”

“ஊசின்னா பயமாப்பா? அத்தனை ஆட்டையும் அமுக்கிப் பிடிச்ச ஆளு நீ!”

அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். ஊசி இறங்கியபோது, தனக்கும் அது இருக்க வேண்டும், மகளுக்கு இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். குழாயில் ரத்தம் மெல்ல ஏறியது. பெர்மெத் அவருடைய தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த ஆட்டு மயிரை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள்.