தறி நின்ற வீதி

அன்பரசு மெயின் ஸ்விட்ச்சை இறக்கினான். பட்டறையில் எட்டுத் தறியும் ஒரேயடியாக நின்றன. அப்பா சின்னானின் உயிர் சற்றுமுன்தான் போயிருந்தது. விஷயம் தெரிந்ததும் எதிர்வீட்டு முருகானந்தம் தன் தறிகளை நிறுத்தினார். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. சாவு விழுந்தால் எடுக்கும்வரை அந்த வீதியில் யாரும் தறி ஓட்டமாட்டார்கள். முறை என்றால் முறைதான்.

வந்தவர்களோ தறிச்சத்தத்தில் பேசிப் பேசி வந்த பழக்கதோஷத்தில் கத்திக் கத்தியே துக்கம் விசாரித்தார்கள். "எப்பப் போச்சுங்க?" என்று ஒருவர் கேட்டது மூன்று வீதிக்குக் கேட்டிருக்கும். பாவம், தறிக்காரன் தொண்டைக்கு மெதுவாகப் பேசத் தெரிந்தால்தானே.

சென்னியம்மாள் மட்டும் கணவனின் தலைமாட்டில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அழுதுரு நங்கையா, நெஞ்சடைச்சுக்கும்" என்று சின்னானின் தங்கை ராசம்மாள் அவள் தோளை உலுக்கினாள்.

வாசலில் யாரோ, "புருசன் செத்ததுக்கு இப்படியா கல்லாட்டம் இருப்பா" என்றது உள்ளே தெளிவாகக் கேட்டது. அன்பரசுக்குச் சுருக்கென்றது. அழாமலேயே அப்பாவை அனுப்பிவிட்டால் அப்புறம் அம்மா என்ன ஆவாளோ என்ற பயம் வேறு.

இதே அம்மா ஒரு காலத்தில் கடலைக்காட்டில் களை வெட்டும்போது பாட்டெடுத்தால் அடுத்த காட்டில் வேலை நின்றுவிடுமாம். அப்பாவே சொல்லிச் சிரிப்பார். மழை ஏமாற்றிய ஒரு வருஷம் அவர் எருதுகளை விற்றுவிட்டு, மாடு கட்டும் கட்டுத்தரையைக் கழுவி இரண்டு தறி இறக்கினார். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. அது போட்ட சத்தத்தில் பால்மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். அப்புறம் சோளக்காடு, கடலைக்காடு எல்லாம் போய் வீட்டுக்கு வீடு பட்டறை. என்ன இருந்தாலும் அது அருமையான காலம். வாரம் தவறாமல் கூலி, மூன்று வேளையும் நெல்லுச்சோறு. அன்பரசு தறிக்குப் பக்கத்தில்தான் தூளியில் தூங்கினான். கரண்டு போனால்தான் முழித்துக்கொண்டு அழுவான்.

அம்மா கையசைத்து அவனைக் கூப்பிட்டாள். குனிந்தான்.

"தறிய ஓட்டு சாமி."

"என்னம்மா சொல்றே? ஊரே காறித் துப்பும்."

"உங்கக்கா அமுதவல்லி காய்ச்சல்ல போனாளே, அப்ப தறிக்குள்ள நின்னுதான் அழுது தீத்தேன். உங்கப்பனுக்கே கேட்டதில்ல. எங்கம்மா போனப்பவும் அப்படித்தான். இப்ப எல்லாத்துக்கும் கேக்கறாப்பல எப்படி அழுவறது? எனக்கு வரமாட்டேங்குது."

அன்பரசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயசில் அவள் காலடியில் உட்கார்ந்து தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றியவனே அவன்தான். அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறான்.

எழுந்துபோய் மெயினை ஏற்றி, சுவரோரத்துத் தறி ஒன்றை மட்டும் ஓட்டினான்.

முருகானந்தம் விறுவிறுவென்று வந்தார். "ஏப்பா, உனக்குப் புத்தி கித்தி..." என்றவர், சென்னியம்மாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் கணவனின் நெஞ்சில் முட்டி முட்டி அழுதுகொண்டிருந்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். கேட்டவர்களிடமெல்லாம், "நாஞ்சொல்லித்தானுங்க ஓடுது" என்றார்.

அன்பரசு தறியருகே நின்று, கதவு வழியே அம்மாவின் வாயையே பார்த்தான். என்ன சொல்லி அழுகிறாள் என்று கேட்கவில்லை. அவனுக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

நாடாவில் நூல் தீர்ந்து தறி தானாக நின்றது.

"ஏனுங்க, என்னைய உட்டுப்போட்டு..." என்ற குரல் வீடு முழுக்கக் கேட்டது. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அம்மா சட்டென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அன்பரசு பதறிப்போய் வேறு தாரை மாட்டித் தறியை ஓட்டினான்.