ஐந்தாம் வாரத்துக் குறை

நல்லதை எழுதுவது எங்கள் எஸ்டேட்டில் பாவம். முப்பத்தோரு வருடமாக மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். ஆள் பேர் போடுவது, பழம் நிறுப்பது, சனிக்கிழமைதோறும் ஆபீசுக்கு ஒரு பக்க ரிப்போர்ட் அனுப்புவது. ரிப்போர்ட்டில் இரண்டு கட்டம் உண்டு: நிறை, குறை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'காய்ப்பு நன்று, ஆட்கள் சுறுசுறுப்பு' என்று நிறையில் எழுதித் தொலைத்தேன். அடுத்த திங்கட்கிழமையே ஆளுக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்கிற அளவை ஏற்றிவிட்டார்கள். பறிக்கிற பெண்கள் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நிறைக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும்தான் போடுகிறேன். இந்த மலையில் எந்த ரைட்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

இப்பேர்ப்பட்டவனிடம்தான் என் மகள் ஹரிணி ஒரு டிவி நாடகத்துக்கு நிறை குறை கேட்டாள்.

ஹரிணி சென்னையில் தனியாக அறை எடுத்துத் தங்கிக் கதை எழுதுகிறாள். 'தூரத்து நிலையம்' என்ற அந்த நாடகத்தை அவளோடு சேர்த்து ஆறு பேர் எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வரும். வேறொரு கிரகத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம். போகிற வழியில் புருஷன் செத்துப்போக, மனைவி மட்டும் அங்கே தனியாக இருந்து பூமியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அது இங்கே வந்து சேரப் பதினைந்து நிமிடம், பதில் போய்ச் சேர இன்னொரு பதினைந்து நிமிடம்.

"வாராவாரம் பார்த்துட்டு எழுதி அனுப்புங்கப்பா. நீங்கதான் பட்டுனு சொல்லுவீங்க" என்றாள்.

என் மனைவி கலா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு எங்கள் போன் பேச்சு அரை நிமிடத்தைத் தாண்டியதில்லை. "சாப்ட்டீங்களா?" என்பாள். "ஆச்சு" என்பேன். "நான் வரட்டுங்களா?" என்பாள். "எதுக்குச் சாமி சிரமம்" என்பேன். அதனால் அவள் இப்படிக் கேட்டதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காட்டிக்கொள்ளவில்லை. வாரம் ஒரு பக்கம் கையால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்பினேன். என் மகளும் நானும் பேசிக்கொள்ள இந்த உலகத்தில் அந்த ஒரு பக்கம்தான் இருந்தது.

குறைக்கா பஞ்சம்? நிலையத்துக்குள் காபிச் செடி வளர்க்கிறாளாம், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. எந்திரம் கெட்டுப்போனால் தட்டுகிறாள், உடனே ஓடுகிறது. எங்கள் பழம் அரைக்கிற மெஷினைத் தட்டிப் பார்க்கட்டும். பூமியில் இருக்கிற வில்லன் எதற்கெடுத்தாலும் கத்துகிறான், அந்தக் கத்தல் அங்கே போய்ச் சேரவே பதினைந்து நிமிடம் ஆகுமே? படித்துவிட்டு ஹரிணி சிரிக்கிற பொம்மைகளாக அனுப்புவாள்.

நிறை இல்லாமல் இல்லை. அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாட்டு இல்லை, வசனம் இல்லை. நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். பிறகு நிறைக் கட்டத்தில் கோடு போட்டேன்.

ஐந்தாம் வாரம் அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சூடாக்கி, மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றில் போட்டுச் சாப்பிட்டாள். மற்றதைச் சும்மா துடைத்து எடுத்து வைத்தாள். யாருக்கென்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

டிவியை அணைத்துவிட்டேன். எனக்குப் பின்னால் சமையல்கட்டு மேசையில் இரண்டு தட்டு இருந்தது. மூன்று வருடமாக இருக்கிறது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டு ஊரைக் கூப்பிட்டுக் காட்டிய மாதிரி எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் எழுதினேன்: 'தனியாக இருக்கிறவள் இரண்டு தட்டு வைக்க மாட்டாள். நம்பும்படி இல்லை. இனி வருகிற வாரங்களில் நீக்கலாம்.'

"சரிங்கப்பா" என்று மட்டும் பதில் வந்தது. பொம்மை ஒன்றுகூட இல்லை.

எட்டாம் வாரம் அந்தப் பெண் ஒரே தட்டு வைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். அவ்வளவுதான். எனக்குத் தாங்கவில்லை. அதன்பிறகு நாடகத்தில் எந்திரமும் கத்தலும்தான் மிஞ்சின. நான் அனுப்பிய பக்கங்களுக்கு ஹரிணி பதில் போடவில்லை, போனும் செய்யவில்லை. பதினோராம் வாரத்தோடு நாடகமும் முடிந்தது.

மறுநாள் பழம் நிறுக்கும்போது, பறிக்கிற கண்ணம்மாள் மூட்டையை இறக்கிவிட்டுப் பேச்செடுத்தாள். மகள் எழுதுகிறாள் என்று நான் பீற்றிக்கொண்டதால் அவளும் அதைப் பார்த்திருக்கிறாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, அந்தப் புள்ள ரெண்டு தட்டு வெச்சா பாருங்க, அன்னிக்கித்தானுங்க எனக்கு அழுவாச்சி வந்துச்சு. எங்கூட்டுக்காரரு போன பொறவு நானும் ஒரு டம்ளர் காபி சேத்தி ஊத்தி வெப்பனுங்க. அப்பறம் அந்தத் தட்டையே காணோம். அதை எடுக்கச் சொன்னவன் வாயில மண்ணு விழ!"

விழுந்துவிட்டது. மிச்ச மூட்டைகளை எப்படி நிறுத்தேன் என்று தெரியவில்லை.

வேலை முடிந்ததும் சிக்னல் கிடைக்கிற பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பனி இறங்கி ரோடு மறைந்திருந்தது, ஆள் இல்லை. மூன்றாவது தடவை ஹரிணி எடுத்தாள்.

"கண்ணு, அந்தத் தட்டு..." என்றேன்.

"அதான் எடுத்தாச்சுங்களேப்பா. மொத்த நாடகத்துல அந்த ஒண்ணுதான் நான் எழுதினது. மத்ததெல்லாம் மத்த அஞ்சு பேரு. எங்கப்பாவே நம்பலைன்னு சொல்லி நானே போய் வேண்டாம்னுட்டேன்."

"பொய் எழுதிட்டேன் சாமி. நான் தெனமும் ரெண்டு தட்டு வெக்கறேன்."

"தெரியும்ப்பா. காரியத்துக்கு வந்தப்பவே பார்த்தேன். நேர்ல கேட்டா 'ஒண்ணுமில்ல'ம்பீங்க. அதான் நாடகத்துல வெச்சேன். பார்த்துட்டுக் கூப்பிடுவீங்கன்னு அந்த ஞாயித்துக்கிழமை பூரா போனைக் கையிலயே வெச்சிருந்தேன்."

அவள் கையில் போனோடு உட்கார்ந்திருந்த அந்த நேரம், நான் குறை எழுதிக்கொண்டிருந்தேன்.

"நொம்ப நல்லா எழுதியிருந்த கண்ணு. என்னால அந்த ஊட்டுல ஒண்டியா இருக்க முடியல" என்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: மனைவியை இழந்தவன் என்று நான் மட்டும் முடங்கிக் கிடந்தேன், அம்மாவை இழந்தவள் ஒருத்தி அந்த அறையில் தனியாக இருக்கிறாள்.

"நீ அங்க எப்படி இருக்கறே, கண்ணு?"

மூன்று வருடத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் அழ ஆரம்பித்தாள். கடைசி பஸ் வந்து நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. அவள் அழுது முடிக்கிறவரை நான் போனை வைக்கவில்லை.